கதவுக்கு ஆள்

பெண்பிள்ளைகள் கக்கூஸுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. முதலில் இருந்தது. ஒரு திருகாணி கழன்றது, அப்புறம் இன்னொன்று, கடைசியில் தாழ்ப்பாளே யாரோ ஒருத்தி கையோடு வந்துவிட்டது. இப்போது அந்தப் பிளாஸ்டிக் கதவில் நாலு ஓட்டை மட்டும் மிச்சம். செண்பகவல்லி டீச்சர் மேலே எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னார். எழுதிப் போட்டது எங்கே போய் நிற்கிறதோ, கதவு அப்படியே இருந்தது.

வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. கழுகுமலை ரோட்டைத் தாண்டி வருகிற காற்றுக்குத் தடுக்க ஒரு மரம் கிடையாது. லேசாக அடித்தாலே கதவு தானாக வாயைப் பிளந்துவிடும். காற்று சும்மா இருந்தால் பையன்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ஓடிவந்து கதவை ஒரு இழு இழுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடிவிடுவார்கள். ஆகையால் உள்ளே ஒருத்தி போனால் வெளியே ஒருத்தி நிற்க வேண்டும். சும்மா நின்றால் போதாது. முதுகைக் கதவில் கொடுத்து, ஒரு காலைத் தூக்கி எதிரில் இருக்கிற காம்பவுண்டுச் சுவரில் ஊன்றிக்கொள்ள வேண்டும். அப்படி ஊன்றிவிட்டால் யானை வந்து இழுத்தாலும் திறக்காது என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் சேக்காளி என்றால் முதலில் இதற்குத்தான். கூடச் சேர்ந்து சாப்பிடுவதும், பென்சில் கடன் கொடுப்பதும் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஐந்தாம் வகுப்பில் பெண்பிள்ளைகள் மூன்றே பேர். காவியா ஒருத்தி, அவள் அப்பா திருப்பதிக்கு ஊரிலேயே பெரிய மக்காச்சோளக் காடு. ஜெயப்பிரியா ஒருத்தி, பஸ் நிறுத்தத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முத்துசெல்வத்தின் மகள். இந்த இரண்டு பேரும் பால்வாடியிலிருந்தே சேக்காளிகள். மூன்றாவது பாண்டிச்செல்வி. அவள் போன வருசம்தான் எப்போதும்வென்றான் என்ற ஊரிலிருந்து அம்மாவோடு மாமா வீட்டுக்கு வந்தவள். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர், இரண்டு சோடி, அங்கேயும் இடம் இல்லை.

பாண்டிச்செல்வி காலையில் சாப்பிடுகிற உப்புமாவுக்குத் தண்ணீர் குடிக்க மாட்டாள். மத்தியானச் சோற்றுக்கும் குடிக்க மாட்டாள். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டும். சாயங்காலம் வீட்டுக்கு ஓடிவந்து, முதலில் பின்பக்கம் போய்விட்டு, அப்புறம் குடத்தில் செம்பை விட்டு மொண்டு மொண்டு குடிப்பாள். அவள் அம்மா பொன்மணி விடிவதற்குள் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறிவிடுகிறவள். ஒருநாள் அவளிடம் விசயத்தைச் சொன்னதற்கு, கூட ஒருத்தியக் கூட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதானே என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். அந்த ஒருத்திதான் இல்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்.

ஆனால் காவியாவும் ஜெயப்பிரியாவும் அடிக்கடி சண்டை போட்டார்கள். அதில்தான் பாண்டிச்செல்வியின் பிழைப்பு இருந்தது.

எதற்குச் சண்டை என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. டீச்சர் சாக்பீஸ் எடுத்துவரச் சொன்னது என்னையா உன்னையா என்று வரும். என் ரப்பரை மோந்து பார்த்தது யார் என்று வரும். உடனே சுண்டுவிரலை நீட்டிக் காய் விட்டுவிடுவார்கள். காய் விட்டால் நேராகப் பேசக் கூடாது. பேசுகிறவள் தோற்றவள். ஆனாலும் பேசாமல் இருக்க முடியுமா? பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவர ஒரு ஆள் வேண்டும். அதற்குப் பாண்டிச்செல்வி இருந்தாள்.

“ஏட்டி பாண்டி, அவகிட்டப் போய்ச் சொல்லு, எங்கிட்ட வாங்குன ஸ்கெட்ச இப்பமே தரணும்னு.”

அவள் போவாள். அங்கிருந்து பதில் கொண்டுவருவாள். காய் விட்டிருக்கிற நாட்களில் காவியா தன் பக்கத்தில் இடம் விட்டு உட்காரச் சொல்வாள். இடைவேளையில், வாட்டி, போயிட்டு வருவோம் என்பாள். அந்த நாட்களில் பாண்டிச்செல்வி உப்புமாவுக்கு ஒரு டம்ளர், சோற்றுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பாள். குழாயடியில் கையைக் குவித்து நின்று, ஊரையே குடிக்கிற மாதிரிக் குடிப்பாள்.

அப்புறம் ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் இரண்டு பேரும் இரண்டு விரலை நீட்டிப் பழம் விட்டு, தோளில் கை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பாண்டிச்செல்வி பையைத் தூக்கிக்கொண்டு பின்வரிசைக்குப் போய்விட வேண்டியதுதான். அவளைப் போகச் சொல்லக்கூட மாட்டார்கள். அவள் வந்ததையே பார்க்க மாட்டார்கள்.

பழம் விட முடியாத காய் ஒன்று அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் உண்டு. அதற்கு வெடிப்புக் காய் என்று பெயர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கம்மாய். ஆடியில் அது காய்ந்து கிடக்கும். கரிசல் மண் தோசைக்கல் தோசைக்கல்லாகப் பிளந்து, நடுவில் கை நுழைகிற வெடிப்புகள் ஓடும். சண்டை போட்ட இரண்டு பேரும் தங்களிடம் ஒரே மாதிரி இருக்கிற ஒரு பொருளை ஒரு மூன்றாவது ஆளிடம் கொடுக்க வேண்டும். அவள் போய் அதை வெடிப்புக்குள் போட வேண்டும். எந்த வெடிப்பு என்று கொடுத்தவர்கள் பார்க்கக் கூடாது. மழை விழுந்ததும் கரிசல் ஊறி, வெடிப்பு மூடிக்கொள்ளும். மூடினால் மூடியதுதான், அந்த இரண்டு பேரும் கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்றாலும் பேசக் கூடாது. மழைக்கு முன்னால் பொருளை வெளியே எடுத்துவிட்டால் மட்டும் காய் முறியும்.

ஆவணியில் ஒருநாள் ஜெயப்பிரியா வகுப்பில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, காவியா தலையிலிருந்து பேன் ஒன்று தன் நோட்டில் இறங்கி நடந்ததாகச் சொல்லிவிட்டாள். பையன்கள் நாள் முழுக்க அதை விடவில்லை. காவியா அழவில்லை. கையில் கட்டியிருந்த பாசிக் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலை போயிருந்தபோது இரண்டு பேரும் ஒரே கடையில் ஒரே நிறத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டது.

“அவகிட்டயும் வாங்கி, வெடிப்புல போட்டிரு,” என்றாள்.

பாண்டிச்செல்வி அதை வாங்கிக்கொண்டு ஜெயப்பிரியாவிடம் ஓடினாள். சந்தோசத்தில்தான்.

ஆனால் ஜெயப்பிரியா கயிற்றைத் தரவில்லை. வேப்பங்குச்சியால் தரையைக் கீறிக்கொண்டே, எதுக்குட்டி, நான் நாளைக்குப் பழம் விடலாம்னுல்லா இருக்கேன் என்றாள். குரலில் அழுகை இருந்தது. பேன் கதையைச் சொன்னதற்கு அவளே வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாள்.

பாண்டிச்செல்வி மனதுக்குள் கணக்குப் போட்டாள். நாளைக்கு என்றால் நாளையிலிருந்து தண்ணீர் கிடையாது.

ஜெயப்பிரியாவுக்கு இடது காதில் சீழ் வரும். அவள் அம்மா பஞ்சு வைத்து, முடியை இறக்கிப் பின்னி மறைத்து அனுப்புவாள். பக்கத்தில் உட்கார்ந்தால் வாடை அடிக்கும். காவியாவுக்கு அது தெரியும்; இத்தனை வருசத்தில் ஒருத்தரிடமும் அவள் சொன்னதில்லை. பாண்டிச்செல்விக்கும் தெரியும், காய் விட்ட நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டது.

“காவியா ஒன்னு சொல்லச் சொன்னா,” என்றாள் பாண்டிச்செல்வி. “ஒன் காதுல செத்த எலி கெடக்காம். இத்தன நாளும் மூச்சப் புடிச்சுக்கிட்டுத்தான் ஒன் பக்கத்துல உக்காந்திருந்தாளாம்.”

ஜெயப்பிரியாவின் கை தானாகக் காதுக்குப் போனது. அப்புறம் கயிற்றை அவிழ்க்கக்கூட இல்லை, இழுத்து அறுத்தாள். இரண்டு பாசி தெறித்து ஓடியது. மீதியைப் பாண்டிச்செல்வி கையில் வைத்தாள்.

கம்மாய்க்குள் பட்டுப்போன ஒரு கருவேலமரத்தின் அடிக்கட்டை இருந்தது. அதை ஒட்டி ஓடிய வெடிப்பில் பாண்டிச்செல்வி இரண்டு கயிற்றையும் போட்டாள். காதை வைத்துக் கேட்டாள். விழுந்த சத்தம்கூட வரவில்லை.

அதற்கப்புறம் வந்த நாட்கள் அவளுடையவை. காவியாவுக்கு இடதுபக்கம் அவள் இடம். காவியாவின் சாமந்திப்பூவில் பாதி அவளுக்கு. இடைவேளையில் கதவுக்கு வெளியே காவியாவின் செருப்புக் காலை உள்ளிருந்தே இடுக்கு வழியாகப் பார்க்கலாம், பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். ஜெயப்பிரியா ஒருத்தியாகப் போவதையும், போகாமல் திரும்பி வருவதையும் பார்த்தாள். இப்போது தண்ணீர் குடிக்காதவள் ஜெயப்பிரியா. ஒருநாள் அவள் பாண்டிச்செல்வியிடம் வந்து, ஒரே ஒரு தடவை நிக்கியாட்டி என்று கேட்டாள். பாண்டிச்செல்வி காவியாவைப் பார்த்தாள். காவியா வேறு பக்கம் பார்த்தாள். அப்போது பாண்டிச்செல்வி, காய் விட்டவ சேக்காளி நானு, எப்படி நிக்க முடியும் என்றாள். அதைச் சொல்லும்போது இனித்தது.

புரட்டாசி பாதியில் குருமலைப் பக்கம் வானம் கருக்க ஆரம்பித்தது. அந்த வாரம் பள்ளிக்கூடத்தைப் பார்க்க அதிகாரி வருகிறார் என்று டீச்சர் பெரிய படம் ஒன்றை அட்டையில் ஒட்டி, அதை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து நிற்கக் காவியாவையும் ஜெயப்பிரியாவையும் சொன்னார். அதிகாரி வரத் தாமதமானது. இரண்டு பேரும் படத்துக்குப் பின்னால் நின்றார்கள். கை கடுத்தது. முதலில் யார் பேசினார்கள் என்பது தெரியவில்லை. நேராகப் பேசவில்லை, படத்தோடு பேசுகிற மாதிரிப் பேசினார்கள். செத்த எலி என்று சொன்னியே என்று படத்திடம் ஜெயப்பிரியா கேட்டாள். நான் எப்பம் சொன்னேன் என்று படத்திடம் காவியா கேட்டாள்.

அதிகாரி போனபின் இரண்டு பேரும் திரும்பிப் பாண்டிச்செல்வியைப் பார்த்தார்கள். இரண்டு முகமும் ஒரே முகமாக இருந்தது.

சாயங்காலம் அவளைக் கம்மாய்க்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். எந்த இடம் என்று கேட்டார்கள். மறந்துட்டு என்றாள். காவியா அவள் சடையைக் கையில் சுற்றிப் பிடித்தாள். இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் நின்றாள். வானம் வேறு உறுமியது. பாண்டிச்செல்வி கருவேலங்கட்டையைக் காட்டினாள்.

“கைய விடு,” என்றாள் காவியா.

“தேளு கெடக்கும்.”

“செத்த எலியும் கெடக்கும். விடு.”

பாண்டிச்செல்வி குப்புறப் படுத்துக் கையை விட்டாள். மேல்மண் சுட்டது, உள்ளே போகப் போகக் குளிர்ந்தது. வெடிப்பின் ஓரம் ஓடு மாதிரித் தோலைச் சீவியது. முழங்கை வரைக்கும் போனதும் விரலில் பாசி தட்டுப்பட்டது. ஒரு கயிறு வந்தது. அது அறுந்த கயிறு, ஜெயப்பிரியாவுடையது. காவியாவின் கயிறு இன்னும் ஆழத்தில் இருந்தது. எட்டவில்லை என்றாள். காவியா அவள் தோள்மீது முழங்காலை வைத்து அழுத்தினாள். கன்னம் மண்ணில் தேய்ந்தது. அக்குள் வரை இறங்கியது. இன்னும் கொஞ்சம் என்று ஜெயப்பிரியா மேலிருந்து சொன்னாள், கிணற்றில் வாளி எடுக்கிறவர்களுக்குச் சொல்வது போல. இரண்டு விரல் நுனியில் கிள்ளி அதையும் எடுத்தாள்.

அவர்கள் ஒருத்திக்கு ஒருத்தி கட்டிவிட்டுக்கொண்டார்கள். பாண்டிச்செல்வியின் கையில் ரத்தம் கோடு கோடாக இருந்தது. அவள் மண்ணில் உட்கார்ந்தபடியே, நானும்தானே எடுத்துக் கொடுத்தேன் என்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சரி,” என்றாள் காவியா. “இனிமே மூணு பேரும் சேக்காளி. மூணு பேரும் ஒண்ணாப் போவோம்.”

அப்படித்தான் போனார்கள். மூன்று பேரும் ஒன்றாகக் கதவு வரை போனார்கள். காவியாவும் ஜெயப்பிரியாவும் சேர்ந்து உள்ளே போவார்கள், பாண்டிச்செல்வி முதுகைக் கொடுத்து நிற்பாள். உள்ளே கதை பேசுவார்கள், சிரிப்பார்கள், பாட்டுப் பாடுவார்கள். அவர்கள் வெளியே வருவதற்கும் மணி அடிப்பதற்கும் சரியாக இருக்கும். ஐயோ மணி அடிச்சிட்டே, ஒனக்கு நாளைக்கு என்று சொல்லிவிட்டு ஓடுவார்கள். மறுநாளும் நாளைக்குத்தான். பாண்டிச்செல்விக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மூணு பேரும் சேக்காளி என்று சொன்னது அவர்கள்தானே, என்றைக்காவது ஒருநாள் அந்த ‘நாளைக்கு’ வந்துதானே ஆக வேண்டும் என்று நின்றாள்.

மழை விழுந்தது. கம்மாயில் வெடிப்பெல்லாம் மூடி, சேறு கரண்டைக்கால் வரை இழுத்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் காவியா அவள் தோளில் கை போட்டு, இன்னைக்கு ஒனக்குத்தாண்டி மொதல்ல, எங்களுக்கெல்லாம் பெறவுதான் என்றாள். நல்ல குரலில் சொன்னாள். அன்று மத்தியானம் கொண்டைக்கடலை. உப்பு தூக்கலாக இருந்தது. பாண்டிச்செல்வி குழாயடிக்குப் போய் வயிறு முட்டக் குடித்தாள். காவியாவும் ஜெயப்பிரியாவும் தூரத்திலிருந்து அவள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்கால இடைவேளைக்குள் அவளால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. மணி அடித்ததும் ஓடினாள். அவர்கள் அதற்கு முன்னாலேயே ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரே நிமிசம்ட்டி, அவசரம் என்று சொல்லி உள்ளே போய்விட்டார்கள். பாண்டிச்செல்வி முதுகைக் கொடுத்தாள், காலைச் சுவரில் ஊன்றினாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டு நின்றது. அப்புறமும் அவர்கள் வரவில்லை. வெளிய போவோமா, ஏட்டி என்று ஜெயப்பிரியா மெல்லக் கேட்பது காதில் விழுந்தது.

“மணி அடிக்கட்டும்,” என்றாள் காவியா. “அவ நிப்பா. நம்மள விட்டா அவளுக்கு ஏது நாதி.”

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பொத்திய சிரிப்பு, கதவு வழியாக முதுகில் அதிர்ந்தது.

மணி அடித்தது. கதவு உள்ளிருந்து தள்ளப்பட்டது. பாண்டிச்செல்வி அசையவில்லை. தள்ளி நில்லுடி என்றாள் காவியா. அசையவில்லை. மறு காலையும் தூக்கிச் சுவரில் ஊன்றினாள். இப்போது அவள் சுவருக்கும் கதவுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்த கட்டை மாதிரி இருந்தாள். உள்ளே இருப்பவர்கள் முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து தோளால் இடித்தார்கள். சவத்து மூதி, வெளிய வந்தா கொன்னுருவேன் என்றாள் காவியா. அப்புறம் டீச்சர்கிட்டச் சொல்லுவேன் என்றாள். அப்புறம் ஜெயப்பிரியா மூச்சு முட்டுது என்று அம்மாவைக் கூப்பிட்டு அழ ஆரம்பித்தாள். காவியாவின் குரலும் மாறிவிட்டது.

கதவுக்கு அடியில் கை நுழைகிற இடைவெளி உண்டு. அதன் வழியாக இரண்டு விரல்கள் வெளியே நீண்டன.

“பழம்டி பாண்டி. பழம் விடுதேன். பாரு, பழம்.”

பாண்டிச்செல்வி அந்த விரல்களைப் பார்த்தாள். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்ததிலிருந்து அவளுக்கென்று யாரும் பழம் விட்டதில்லை. காய் விடுவதற்கே அவள் யாருக்கும் சேக்காளியாக இருந்ததில்லையே. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடம்பு அவள் பேச்சைக் கேட்காமல் போய்விட்டது. சூடாகத் தொடையில் இறங்கி, பாவாடை நனைந்து, சிமெண்டுத் தரையில் வழிந்து, கதவுக்கு அடியில் போனது. விரல்கள் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டன. அப்போதும் அவள் காலை எடுக்கவில்லை. எடுத்தால் அவர்கள் வெளியே வந்து பார்ப்பார்கள்.

ஆனால் பார்க்க வேண்டியவர்கள் பக்கவாட்டில் வந்துவிட்டார்கள். அழுகைச் சத்தம் கேட்டுப் பையன்கள் காம்பவுண்டு ஓரமாக எட்டிப் பார்த்தார்கள். ஐந்தாம் வகுப்புக் காளீஸ்வரன்தான் முன்னால் நின்றவன்.

“ஏலே, கம்மா மடை தொறந்துட்டு லே,” என்றான்.

டீச்சர் வந்தார். பாண்டிச்செல்வியைத் தூக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கால்கள் மரத்துப்போய் மடங்கவில்லை. கதவு திறந்து, இரண்டு பேரும் கன்னமெல்லாம் ஈரமாக, தரையில் கிடந்ததை எட்டித் தாண்டி வெளியே வந்தார்கள். என்ன நடந்தது என்று டீச்சர் கேட்டதற்கு மூன்று பேருமே வாயைத் திறக்கவில்லை. சரி, போய்க் கழுவிட்டு வா என்று பாண்டிச்செல்வியிடம் சொன்னார். கதவைப் பார்த்தார். யாராவது ஒருத்தி இவகூடப் போயி நில்லுங்கட்டி என்றார்.

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். காவியாவும் ஜெயப்பிரியாவும் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். டீச்சர் இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் போன் அடித்தது. பாண்டிச்செல்வி தனியாக உள்ளே போனாள். ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மொண்டு ஊற்றிக் கழுவினாள்.

திங்கட்கிழமை அவளைப் பார்த்ததும் பையன்கள் மடை வருது, மடை வருது என்று விலகி வழிவிட்டார்கள். ஒன்றாம் வகுப்புக் குஞ்சுகள்கூடக் கற்றுக்கொண்டுவிட்டன. அவள் உப்புமாத் தட்டை வாங்கிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தாள். குழாயடிப் பக்கம் திரும்பவில்லை.

பாதி சாப்பிட்டிருப்பாள். பக்கத்தில் ஒரு தட்டு வந்து உரசியது. காவியா. முகம் உப்பிப்போய் இருந்தது. ஜெயப்பிரியா தூரத்தில் தூணுக்கு அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்து, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே முதலில் அழுதது யார் என்று வரும் வழியிலேயே ஆரம்பித்து, பள்ளிக்கூடத்து வாசலில் காய் விட்டாகிவிட்டது.

“அவகிட்டப் போய்ச் சொல்லு,” என்றாள் காவியா, வெள்ளிக்கிழமை என்று ஒரு நாளே இல்லாதது போல. “நான் அழவே இல்ல. அவதான் அம்மா அம்மான்னு கத்துனா. அப்படின்னு சொல்லு.”

பாண்டிச்செல்வி உப்புமாவை முழுங்கினாள். தொண்டையில் அடைத்துக்கொண்டு இறங்க மறுத்தது.

“நான் தண்ணி குடிச்சுக்கிடவா?” என்று கேட்டாள்.

காவியாவுக்கு அது விளங்கியது. அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மொதல்ல போய்ச் சொல்லிட்டு வா,” என்றாள். “பெறவு பாப்போம்.”

பாண்டிச்செல்வி தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, ஜெயப்பிரியா உட்கார்ந்திருந்த தூணைப் பார்த்து நடந்தாள்.